எழுந்த வீடு

ஆம்பூரில் டேனரிக்குப் பின்னாலுள்ள தெருவில் சம்பூர்ணத்தின் ஓட்டு வீடு தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது. யாரும் அப்படிக் கட்டவில்லை, அதுவாகத்தான் எழுந்தது.

ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் சம்பூர்ணத்துக்கு அந்த வீட்டையும் மகள் ரோஷினியையும் விட்டால் வேறெதுவும் இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஐப்பசி மழையில் மேற்குச் சுவர் தெருப்பக்கம் சாய்ந்தது. பார்க்க வந்தவர்கள் காலி செய்துவிடச் சொன்னார்கள். தையில் ரோஷினிக்குக் கல்யாணம். பெண்ணை வாடகை வாசலிலிருந்து அனுப்புவதில்லை என்று சம்பூர்ணம் பிடிவாதமாக நின்றாள். முட்டுக் கொடுக்கத் தச்சர் தனகோடியிடம் மரம் கேட்டார்கள். அதே மழையில் ஒரு பங்களாவில் விழுந்த கிறிஸ்துமஸ் மரத்தை அவர் அறுத்துப் போட்டிருந்தார். காலமெல்லாம் சாய்ந்தே வளர்ந்த மரம். வளையங்களின் மையம் மேல்பக்கமாக ஒதுங்கியிருந்தது. வானத்தைப் பார்த்த பக்கம் வெளுப்பு, தரையைப் பார்த்த பக்கம் அகலமான சிவப்பு. வெளுத்ததைத்தான் தனகோடி எடுத்து வைத்தார்.

"அந்த செவப்பு வேணாம்மா, பேஜார் புடிச்ச மரம். காய்ஞ்சா வளையும், ஆணி அடிச்சா பொளக்கும்."

காட்பாடியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்த ரோஷினி இரண்டிலும் சீவல் எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். வெளுத்த மரத்தின் செல்கள் கட்டம் கட்டமாக, இடைவெளியின்றி நெருங்கியிருந்தன. சிவப்பில் அவை உருண்டு, சுவர் தடித்து, மூலைகளில் சந்து விட்டு நின்றன. திரும்பி வந்தவள் சிவப்பைத்தான் கேட்டாள்.

"வெளுத்தது சும்மா தாங்கும்ண்ணே. சாஞ்ச மரத்தைக் கீழேர்ந்து தள்ளினு இருந்தது இதுதான்."

தனகோடி அரைமனதாக முட்டு நட்டார். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்குள் சுவர் நிமிர்ந்துவிட்டது. சம்பூர்ணம் கற்பூரம் காட்டிய பிறகும் முட்டு ஓயவில்லை. மேற்குப் பக்கம் எழும்பி, தட்டில் ஊற்றிய குழம்பு கிழக்கே ஓடியது. பிடுங்கிவிடலாம் என்றாள் அம்மா. மற்ற மூலைகளுக்கும் இதையே வைக்கலாம் என்றாள் மகள். மீதிச் சிவப்பையும் தனகோடி நட்டார். வீடு சமமாகி, அடுப்பில் பால்கூடத் தளும்பாமல், மெல்ல மேலேறியது. ஏணி வைத்துத்தான் முகூர்த்தப் புடவையை உள்ளே கொண்டுபோனார்கள்.

கல்யாணத்தன்று தையில் இல்லாத மழை பிடித்துக்கொண்டது. பந்தல் சரிந்து, சமையற்காரர்கள் அண்டாவை வைத்துக்கொண்டு விழித்தபோது, பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹான் தன் பாய்களைக் கொண்டுவந்து வீட்டுக்கு அடியில் விரித்தாள். தெருவே அங்கே நுழைந்தது. தாலியும் அங்கேயே ஏறியது. ஒருவர்மேலும் சொட்டு விழவில்லை. சம்பூர்ணம் சிரித்துக்கொண்டே அழுதாள்.

இப்போதும் வீடு வருஷத்துக்குக் கொஞ்சம் உயர்கிறது. தனகோடி வந்து ஒரு படி சேர்த்துவிட்டுப் போகிறார். ரஃபத் ஜஹானின் ஆடுகள் வெயில் நேரத்தில் வீட்டுக்கு அடியில் படுத்துக்கொள்கின்றன. முட்டுகளை மாற்றிவிடலாமா என்று போன தீபாவளிக்கு ரோஷினி அம்மாவிடம் கேட்டாள்.

"ஏன், அது பாட்டுக்குப் போவட்டும். மேலே காத்து ஜாஸ்தியா வருது."

பாலாற்றில் தண்ணீர் வரும் நாளில் தெருவுக்கு முதல் சேதி சம்பூர்ணத்தின் ஜன்னலிலிருந்துதான் வருகிறது.