அவள் யாரைப் பார்த்துச் சிரித்தாள்?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. வேலியைத் தாண்டி வந்தது. ஹாலிவுட்டை ஒட்டிய பர்பாங்க்கில் எனக்குப் பக்கத்து வீட்டில் வின்னி ப்ராட்ஸ்கி குடியிருந்தார். தம் மரத்து எலுமிச்சம்பழங்களைக் காகிதப் பையில் போட்டு வேலிமேல் வைப்பார். நான் ஊறுகாய் போட்டு ஒரு பாட்டிலைத் திருப்பித் தருவேன். அதை நாக்கில் வைத்து, கண்ணில் நீர் முட்ட, "மனுஷன் திங்கறதாய்யா இது?" என்று திட்டுவார். பிறகு காலிப் பாட்டில் வேலிமேல் வந்து உட்காரும். அவர் ஒரு காலத்தில் ஸ்டுடியோவில் படத்தொகுப்பாளராக இருந்தவர் என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

ஒரு ஞாயிறு மதியம் தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடியது. கடைசிக் காட்சி, பாலைவனத்து ரயிலடி. ரயிலில் ஒருவன் காத்திருக்கிறான். அவனோடு போக வந்தவள் மனம் மாறி, அவனுக்கு முதுகைக் காட்டி நடைமேடையில் நடக்கிறாள். நடைமேடை முடியும் இடத்தில் நிற்கிறாள். திரும்புகிறாள். சிரிக்கிறாள். படம் முடிந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பை எந்த நடிகையிடமும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் வேலியருகே வின்னியிடம் சொன்னேன். அவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"அது நடிப்பு இல்ல. அந்தத் துண்டை ஒட்டினதே நான்தான்" என்றார்.

2

இயக்குநரின் பெயர் ஹாலிஸ் கெரிகன். அவரை உங்களுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது என்பதில்தான் தகராறு. முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஹாலிவுட்டின் பொற்காலத்து மேதைகளுள் ஒருவரான ஹாலிஸ் கெரிகன், ஊமைப்பட நாட்களிலேயே—

(இரங்கல் செய்தி வாடை. விட்டேன்.)

படப்பிடிப்புத் தளத்துக்குள் அவர் நுழைந்தால் சிங்கம் நுழைந்த மாதிரி—

(சிங்கம் புலியெல்லாம் சுவரொட்டிக்கு ஆகும். இதையும் விட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். கெரிகனுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கஞ்சன், பணத்தில் அல்ல, ஃபிலிமில். மற்றவர்கள் ஒரு காட்சியை நான்கு பக்கமிருந்தும் எடுத்துத் தள்ளுவார்கள். பிறகு ஸ்டுடியோ முதலாளிகள் அதிலிருந்து தங்களுக்குப் பிடித்த படத்தைப் பொறுக்கிக்கொள்வார்கள். கெரிகன் தமக்கு எது வேண்டுமோ அதை மட்டும்தான் எடுப்பார். அதைத் தவிர ஒட்டுவதற்கு ஒரு துண்டுகூட மிஞ்சாது. பிள்ளையைப் பெற்று, பேரும் அவரே வைத்து அனுப்புகிற மாதிரி. யாரும் கை வைக்க முடியாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. "கட்" என்று அவர் வாயால் சொன்னதே கிடையாது. கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். போதும் என்று தோன்றினால் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவார். உடனே உதவியாளர் விசிலடிப்பார், கேமரா நிற்கும். தொப்பி தலையில் இருக்கும்வரை வானமே இடிந்தாலும் கேமரா ஓடவேண்டும். ஒருமுறை யாரோ அவசரப்பட்டு நிறுத்திவிட்டு, அன்று மாலையே வேலை இழந்தாராம்.

[இங்கே வாசகர்கள் அவரை ரொம்பவும் ரசித்துவிடக்கூடாது என்று வின்னி எச்சரித்தார். துணை நடிகர்களை வெயிலில் நிற்கவைத்துவிட்டு அவர் குடைக்கடியில் மோர் குடித்தவர். கதாநாயகி லோரெய்ன் டேலை அந்தப் படம் முழுக்க எல்லார் முன்னாலும் வறுத்தெடுத்தவர். "மாவு பொம்மைக்கு இதைவிட நல்லா நடக்க வரும்" என்பாராம். குறித்துக்கொள்ளுங்கள்.]

3

மொஹாவி பாலைவனத்தில் ஒரு பழைய ரயிலடி. கோடைக்காலம். மதியச் சாப்பாட்டுக்குக் காரமான பீன்ஸும் சோளரொட்டியும். கெரிகன் இரண்டாம் தட்டும் வாங்கிக்கொண்டார். பிறகு கடைசிக் காட்சி.

கேமரா ஓடியது. ரயிலுக்கும் கேமராவுக்கும் முதுகைக் காட்டி லோரெய்ன் நடந்தாள். அவள் நடைமேடையின் நடுவிலிருந்த தூணைத் தாண்டியதும் படம் முடியவேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது, அதுதான் கெரிகன் எழுதிவைத்திருந்த முடிவு. தூணைத் தாண்டினாள். விசில் வரவில்லை. தப்பாக நடந்துவிட்டோமோ, மறுபடியும் திட்டு விழுமோ என்று பயந்துகொண்டே மேலும் நடந்தாள். நடைமேடையே தீர்ந்துவிட்டது. இதற்குமேல் தண்டவாளத்தில்தான் குதிக்கவேண்டும். வேறு வழியில்லாமல் திரும்பினாள்.

அங்கே மொத்தக் கூட்டமும் சிலையாக நிற்கிறது. ஒளிப்பதிவாளர் கஸ் கேமராவைப் பிடித்துக்கொண்டு விழிக்கிறார். குடைக்கடியில் ஹாலிஸ் கெரிகன், தொப்பி தலையில் இருக்க, மோவாய் நெஞ்சில் படிந்திருக்க, அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறார்.

அப்போதுதான் லோரெய்ன் சிரித்தாள். பகலெல்லாம் அடம்பிடித்துப் பாடாய்ப்படுத்திய பிள்ளை ஒருவழியாகத் தூங்கிவிட்டால் பெற்றவள் பார்ப்பாளே, அந்தப் பார்வை. கோபமெல்லாம் போய்விட்டது. போனது அவள் முகத்தில் தெரிந்தது.

பெட்டியில் ஃபிலிம் தீர்ந்து, அதன் வால் படபடவென்று அடித்துக்கொண்ட சத்தத்தில் கெரிகன் விழித்தார். தொப்பியைக் கழற்றினார். "நல்லா வந்திருக்கு. அடுத்தது" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேரும் அவரிடம் திட்டு வாங்கியவர்கள், ஒருவர்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால்தான் இங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். அந்தக் காலத்து மனிதர்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

கஸ் சுருளை வின்னியிடம் கொடுக்கும்போது விஷயத்தைக் காதில் போட்டார். கெரிகன் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே வின்னி தூண் வரைக்கும் வைத்துக்கொண்டு மிச்சத்தை நறுக்கி, ஒரு தகர டப்பாவில் போட்டு மேல் தட்டில் வைத்துவிட்டார்.

4

படத்தை வெளியிடுவதற்கு முன் பொமோனா என்ற ஊரில் ஒரு சாதாரணத் திரையரங்கில் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுப் பார்த்தார்கள். முடிவைப் பார்த்து ஜனங்கள் கேலியாகச் சீழ்க்கையடித்தார்கள். கருத்து எழுதக் கொடுத்த அட்டையில் ஓர் அம்மாள், "ஏன் அவள் திரும்பிப் பார்க்கவில்லை? கல்நெஞ்சுக்காரி" என்று எழுதியிருந்தார்.

ஸ்டுடியோவின் தயாரிப்புத் தலைவர் வால்டர் பெண்ட்லி தம் அறைக்குக் கெரிகனைக் கூப்பிட்டார். வின்னியும் போனார். கெரிகனின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது என்பதைப் பெண்ட்லி நாசூக்காக நினைவூட்டினார். பிறகு வேறு முடிவு கேட்டார்.

"வேற துண்டே கிடையாது வால்டர். நான் எடுத்தது அவ்வளவுதான்" என்றார் கெரிகன். அந்த நேரத்திலும் அவர் முகத்தில் ஒரு பெருமை.

"அதனாலென்ன, எடுத்துக்கலாம். நீங்க ஏன் அலையணும்? ரேடியோவுலேர்ந்து ஒரு ஆள் வந்திருக்காப்ல, சுறுசுறுப்பா இருக்காப்ல. அவரை வெச்சு ஒரே நாள்ல முடிச்சிரலாம். நீங்க ஓய்வெடுங்க ஹாலிஸ்."

வெளியே வந்ததும் கெரிகன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். படம் ஓடாமல் போவது அவருக்குப் புதிதல்ல. தம் படத்தில் வேறொருவன் ஒரு ஷாட் எடுப்பதுதான் அவரால் தாங்கமுடியாத விஷயம். "வின்னி, என் பேரை எடுத்துரச் சொல்லு" என்று மட்டும் சொன்னாராம்.

5

இப்போது வின்னியின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். மேல் தட்டில் டப்பா இருக்கிறது. அதில் திரும்பிப் பார்க்கிற பெண் இருக்கிறாள், சிரிப்போடு. தூணுக்கு அப்புறம் ஒட்டினால், ரயிலில் இருப்பவனுக்காக மனம் இளகித் திரும்பியதாகவே எவரும் நம்புவார்கள். எடுத்தது கெரிகனின் கேமரா. வேறு கை படத்தேவையில்லை.

முதல் வரைவில், வின்னி அந்தத் துண்டை எரித்துவிட்டதாக எழுதினேன். லட்சியத்துக்காக ஒரு தீ! எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"அந்தக் காலத்து ஃபிலிம் வெடிமருந்து மாதிரிய்யா. நான் பத்த வெச்சிருந்தா ஸ்டுடியோவே போயிருக்கும், பெண்ட்லியோட சேத்து. அதுவும் நல்ல முடிவுதான்" என்றார் வின்னி.

இரண்டாவது வரைவில், கெரிகனுக்குத் தெரியாமல் பெண்ட்லியிடம் கொடுத்துவிடுகிறார். இதைக் கேட்டதும் வின்னி எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். அந்த வாரம் எலுமிச்சை வரவில்லை. நானாகக் கிழித்தேன்.

மூன்றாவதாக, அவருக்குக் கெரிகன்மேல் காதல் என்று ஒரு பத்தி—

"பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். இருபது வருஷம் ஒரே இருட்டறையில உக்காந்திருந்தோம். காதல் கீதல்னு எழுதினே, மரத்தை வெட்டிருவேன்."

மிஞ்சியது ஒரே வழி. கெரிகனிடமே காட்டுவது. ஆனால் காட்டினால் கேட்பார்: இது எப்போது எடுத்தது? தொப்பியை ஏன் நான் கழற்றவில்லை? தம் படத்தின் கடைசி ஷாட்டை, தாம் தூங்கும்போது கேமரா தானாக எடுத்தது என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? காட்டாவிட்டால் படம் போகும். காட்டினால் ஆள் போய்விடுவாரோ என்று வின்னிக்குப் பயம்.

6

காட்டினார்.

தொகுப்பு இயந்திரத்தில் ஒருவர் குனிந்து பார்க்கிற அளவுக்குத்தான் சின்னத் திரை. ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வின்னி மிதியில் கால் வைத்தார். கெரிகன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். லோரெய்ன் தூணைத் தாண்டினாள். நடந்தாள். நின்றாள். திரும்பினாள்.

துண்டு ஓடி முடிந்தும் கெரிகன் நிமிரவில்லை. குனிந்தபடியே கேட்டார்:

"யாரைப் பாத்துச் சிரிக்கிறா?"

வின்னி பதில் சொன்னார். "இன்னொரு தரம் ஓட்டு" என்றார். ஓட்டினார். அது முடிந்ததும் நிமிர்ந்து, "நல்லாத்தான் எடுத்திருக்கேன்" என்றார்.

படம் நன்றாக ஓடியது. பெண்ட்லி புது ஒப்பந்தத்தைத் தாமே எடுத்துக்கொண்டு கெரிகன் வீட்டுக்குப் போனார். கெரிகன் கையெழுத்துப் போடவில்லை. அதற்கப்புறம் அவர் படமே எடுக்கவில்லை. கடலோரத்தில் ஒரு வீட்டில், மீன்பிடித்துக்கொண்டு, பல வருடம் இருந்தார்.

7

"அவருக்கு என்ன பதில் சொன்னீங்க?" என்று நான் கேட்காமல் இருப்பேனா? வேலிமேல் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

"அதை வெட்டிட்டேன்" என்றார் வின்னி. "என் தொழில் அதுதானே எழுத்தாளரே."

கெஞ்சினேன். ஊறுகாயை நிறுத்திவிடுவதாக மிரட்டிக்கூடப் பார்த்தேன். மசியவில்லை. இப்போது வின்னி இல்லை. அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். எலுமிச்சை மரம் வேலிக்கு அந்தப்பக்கம் காய்த்துக் கொட்டுகிறது. அவரை நினைக்காமல் அதைப் பார்க்க முடிவதில்லை.

பதிலை நானே எழுத முயன்றேன். "ரயில்ல இருக்கிறவனைப் பாத்து" என்று எழுதினேன். பொருந்துகிறது. நம்பியிருப்பார். தாம் எடுத்ததையே மறக்கும் அளவுக்கு நினைவு பிசகிவிட்டது என்று எண்ணி, தம் முடிவைத் தாமே விட்டுக்கொடுத்த வெட்கத்தில் ஒப்பந்தத்தை மறுத்திருப்பார். "உங்களைப் பாத்துதான் ஹாலிஸ், நீங்க தூங்கிட்டிருந்தீங்க" என்றும் எழுதினேன். அதுவும் பொருந்துகிறது. தாம் முடிந்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டு, யார் மனதையும் நோகடிக்காமல் எழுந்துபோயிருப்பார். வாழ்நாளில் ஒருமுறையாவது தாம் திட்டிய பெண் தம்மைப் பார்த்து அப்படிச் சிரித்தாள் என்று தெரிந்துகொண்டும் போயிருப்பார். இரண்டுக்கும் அப்புறம் அந்த ஒரே வாக்கியம்தான் வருகிறது: நல்லாத்தான் எடுத்திருக்கேன். முன்னதில் அது வீம்பு. பின்னதில் அது என்னவென்று சொல்ல—

(முடியவில்லை.)

எனவே கேள்வியை உங்களிடம் தருகிறேன். பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிற கிழவர் கேட்டுவிட்டார், பதிலுக்குக் காத்திருக்கிறார். சொல்லிவிடுங்கள். எதைச் சொன்னாலும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.