பதினோரு வாசல்கள்

தோள்பட்டை எலும்பு கூடி, மருத்துவர் சரி என்று சொன்ன மறுநாளே சின்னவள் சைக்கிளை வெளியே எடுத்தாள். எடுத்தவள் பச்சை வண்ணம் பூசிய சைக்கிள் பாதைப் பக்கமே தலைவைக்காமல் நேராகச் சாலையில் இறங்கினாள். பின்னால் வந்த லாரிக்காரன் காது கிழிய ஹாரன் அடித்தான்.

"உனக்குன்னு தனியா பாதை போட்டிருக்காங்கல்ல, அங்க போய்த் தொலையேன்!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை, எட்டு மணிக்குள் போயாக வேண்டும்.

அந்தப் பாதையை வரைந்து, போட்டு முடித்தது வேறு யாருமில்லை, அவளுடைய அக்காவின் கணவர். நகராட்சியில் பொறியாளர். சாலைக்கும் பாதைக்கும் நடுவே கார் நிறுத்த இடம் விட்டிருந்தார். வரிசையாக நிற்கும் கார்கள் சைக்கிள்காரர்களுக்கு மதில் போல இருக்கும் என்பது அவர் கணக்கு. மதில்தான். இரண்டு மாதம் முன்பு, பாதையைக் கடந்து பெட்ரோல் பங்க்குக்குள் திரும்பிய வேன்காரனுக்கு அந்த மதிலுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த சின்னவள் தெரியவே இல்லை. அடித்துத் தள்ளிவிட்டு இறங்கியவன், "எங்கேருந்து வந்தே நீ?" என்று கேட்டான். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தான் கேட்ட முதல் கேள்வி, "பெல் அடிச்சியா?"

அது அவள் நெஞ்சில் தைத்துவிட்டது. கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு மூன்று நாள் காலையில் பங்க் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். உள்ளே திரும்பிய வண்டிகளில் பாதிக்கு மேல் பாதையைப் பார்க்கவேயில்லை. அதே வாசலில் முட்டி பெயர்ந்த தபால்காரர் ஒருவர் கிடைத்தார். பல் போன ஒரு டீச்சர் கிடைத்தார். அந்தப் பாதையில் அப்படி வண்டிகள் குறுக்கே திரும்பும் வாசல்கள் பதினொன்று. ஒவ்வொன்றின் அருகிலும் கார் நிறுத்துவதைத் தடுக்க வேண்டும் என்று எழுதி, நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கினாள். அத்தானிடம் கொடுக்கவில்லை. அவருடைய மேலதிகாரிக்கு அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வந்தார்கள். அவர் உட்காரக்கூட இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உனக்குத் தோணலையா?"

"ஆஸ்பத்திரியிலயே சொல்ல வந்தேன். நீங்கதான் கேக்கல."

"பாதை வர்றதுக்கு முன்னாடி இந்த ரோட்டுல பஸ் பின்னாடி வந்து இடிச்சு எத்தனை பேர் போனாங்க தெரியுமா? இப்ப ஒருத்தர் உண்டா?"

"இல்லதான். நேரா போற வரைக்கும் பாதை நல்லாத்தான் இருக்கு. வாசல் வந்தா எமன் நிக்கிறான். அதைத்தானே எழுதியிருக்கேன்?"

"வண்டி ஓட்டத் தெரியாதவங்களுக்கெல்லாம் நான் பாதை போட முடியாது."

அக்கா குறுக்கே பாய்ந்தாள். "ஒரு எலும்பு முறிஞ்சதுக்கு என் வீட்டுக்காரர் வேலைக்கே வேட்டு வைக்கிறியா? கூடப் பொறந்தவளா நீ?"

"முறிஞ்சது என் எலும்பு, அக்கா."

அவர்கள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது, பலகை வடிவில். பதினோரு வாசலிலும் ஒரே வாசகம்: 'சைக்கிளில் வருவோர் இறங்கித் தள்ளிச் செல்லவும்.' சின்னவளுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேராக அத்தான் அலுவலகத்துக்குப் போனாள்.

"பதினோரு தடவை இறங்கி ஏறுறதுக்கு நடந்தே போயிடலாமே! நீங்க என்னைக்காவது உங்க பாதையில சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா?"

சுற்றியிருந்த மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. அதுதான் அவரைச் சுட்டது. "நாளைக்குக் காலையில வர்றேன். என் பாதையில ஒண்ணும் ஆகாதுன்னு நீயே பாரு."

வந்தார். இரவல் சைக்கிள், இஸ்திரி போட்ட சட்டை. அவர் பாதையில் முன்னால் போக, அவள் சாலையோரமாகப் பின்தொடர்ந்தாள். முதல் வாசலில் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி அவளைப் பார்த்து ஏளனமாகத் தலையாட்டினார். இரண்டாவதில் ஒரு கார் வேகம் குறைக்காமல் உள்ளே திரும்பியது. அவர் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க, சைக்கிள் வழுக்கி, மனிதர் குப்புற விழுந்தார். கார் ஒரு சாண் தள்ளி நின்றது.

உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிய எழுந்து நின்று கத்தினார். "கண்ணு பொடனியிலயா இருக்கு?"

காரோட்டி கண்ணாடியை இறக்கினான். பலகையைக் காட்டினான். "இறங்கித் தள்ளச் சொல்லி எழுதியிருக்குல்ல? படிக்கத் தெரியாதா?"

சின்னவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் தட்டிவிட்டார்.

"இப்ப உனக்குக் குளுகுளுன்னு இருக்குமே."

"இல்ல," என்றாள். பாதி உண்மைதான். அவர் விழுந்த கணத்தில் அவளுக்குள் ஏதோ துள்ளியது. காரின் சக்கரத்தைப் பார்த்ததும் அது அடங்கிப்போனது.

மாதக் கடைசியில் அத்தான் உத்தரவில் பலகைகள் போயின. முதல் ஆறு வாசல்களில் கார் நிறுத்தத் தடை வந்தது. பாதையையும் அங்கே ஒரு படி உயர்த்தினார்கள், வண்டிகள் ஏறித்தான் இறங்க வேண்டும். மீதி ஐந்தில் கடைக்காரர்கள் சண்டைக்கு நின்றதால் பழைய நிலைதான். ஆறு வரை பாதையிலும் அதற்கு மேல் சாலையிலுமாக அவள் ஓட்டினாள். சாலையில் வசவு குறையவில்லை.

ஒருநாள் மனசு கேட்காமல் அக்காவுக்குப் போன் செய்தாள். "அத்தான்கிட்ட நன்றி சொன்னேன்னு சொல்லு."

"உனக்காக ஒண்ணும் பண்ணல அவர்," என்றாள் அக்கா. "இனிமே இந்த நம்பருக்குப் பேசாத."