பவுடர் நனையக் கூடாது

சுரங்கச் சேற்றுக்கு அந்த வருஷம் சுக்கிர திசை. அவலாஞ்சிப் பக்கம் மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோகும் வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து வரும் மண் கஞ்சி மாதிரி ஓடும். லாரியில் ஏற்றினால் வழிநெடுகச் சிந்தும். அதில் ஒரு டூரிஸ்ட் வேன் வழுக்கிக் கேரட் தோட்டத்துக்குள் போய் நின்றதும் மேலிடத்து உத்தரவு வந்தது: ரோட்டில் ஒரு சொட்டு விழக் கூடாது. உடனே கம்பெனி கடல் கடந்து ஒரு வெள்ளைப் பவுடரை வரவழைத்தது. சேற்றில் தூவிக் கிளறினால் போதும். தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, சேறு புட்டு மாவு போல உதிரியாக நிற்கும். மேலே தார்ப்பாய் வேறு போர்த்தி அனுப்புவார்கள். மனுஷருக்கு அந்த மரியாதை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

மருதாயிக்கு அந்தப் பவுடரைத் தூவும் வேலை. சின்ன வயதில் இலங்கையிலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவள். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். தேயிலை விலை படுத்த படுக்கையானதும் எஸ்டேட்டில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். மிச்ச நாளுக்குச் சேறு கைகொடுத்தது.

குடியிருப்பு எஸ்டேட்டின் லயம் என்னும் வரிசை வீட்டில், ரோட்டை ஒட்டி ஒற்றை அறைக் காம்பரா. அதன் தகரக் கூரைக்கு மருதாயியைவிட வயது அதிகம். மழை பிடித்தால் அடுப்படியில் ஒரு குண்டான், கட்டில் மேல் ஒரு வாளி, சாமி படத்துக்குக் கீழே ஒரு சட்டி வைக்க வேண்டும். வருஷம் தவறாமல் எஸ்டேட் ரைட்டர் பொன்ராஜிடம் போய் நிற்பாள். அவரும் வருஷம் தவறாமல் ஒரே பதிலைச் சொல்வார்.

"தேயிலை வெலை ஏறட்டும் மருதாயி. மொதத் தகரம் உன்ற ஊட்டுக்குத்தான்."

விலை ஏறாமலேயே ரைட்டர் வீட்டுக் கூரை மட்டும் எப்படி ஒழுகாமல் இருந்தது என்பது அவருக்கே வெளிச்சம்.

இந்த ஐப்பசியில் மருதாயியால் சும்மா இருக்க முடியவில்லை. கேத்தியில் வாழ்க்கைப்பட்ட மகள் கலைமதி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளையைக் கிடத்த நனையாமல் ஒரு பாய் அகலத்துக்கு இடம் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"பச்சப் புள்ளைய வாளிக்கும் குண்டானுக்கும் நடுவுலயாம்மா போடறது?" என்று கலைமதி கேட்டாள்.

வேலையில் சேர்ந்த அன்றே என்ஜினீயர் ராஜசேகர் பாடம் நடத்தியிருந்தார்: ஒரு கைப்பிடி பவுடர் ஒரு குடம் தண்ணீரைக் குடிக்கும். சேற்றில் குடிப்பது கூரையில் குடிக்காதா? முந்தானையில் இரண்டு கை முடிந்துகொண்டு வந்தாள் மருதாயி. பழைய சேலைத் துணியில் பொட்டலம் கட்டி, ஏணி வைத்து ஏறி, ஓட்டைகளை அடைத்தாள். சாயங்காலம் மழை வந்தது. பவுடர் குடித்தது, துணி தாங்கும் மட்டும் குடித்தது. பிறகு பொட்டலம் வெடித்து, நுங்கு நுங்காகக் கலைமதியின் வயிற்றின் மேல் பொத்தென்று விழுந்தது. உப்பிய உப்பலில் துருப்பிடித்த தகரமும் விரிந்துவிட்டது. மூன்று இடத்தில் ஒழுகிய கூரை ஐந்து இடத்தில் ஒழுகியது.

மறுநாள் அதில் கொஞ்சத்தைச் சட்டியில் எடுத்துக்கொண்டு நேரே ராஜசேகரிடம் போனாள். திருடியதை மறைக்கும் சாமர்த்தியம் அவளுக்கு ஏது?

"ரெண்டு கை எடுத்துட்டேங்க சார், தப்புத்தான். கூரை ஒழுகுது, மக நெறமாசமா இருக்கா. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

ராஜசேகர் சட்டியையே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "இது எப்படிம்மா நனைஞ்சுது?"

"கூரை ஒழுகுதுங்க சார்."

"ஐயோ, பவுடர் நனையவே கூடாதும்மா!"

சொல்லிவிட்டுப் பவுடர் ஷெட்டுக்கு ஓடினார். சீமைப் பவுடருக்கு நம் ஊர் மூடுபனி ஒத்துக்கொள்ளவில்லை. அடியிலிருந்த முப்பது மூட்டை கட்டிதட்டிக் கிடந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் லயத்து வாசலில் ஒரு லாரி நிறையப் புதுத் தகரம் வந்து இறங்கியது. மருதாயிக்குத் தலைகால் புரியவில்லை. மனுஷனென்றால் என்ஜினீயர்தான் என்று வாயார வாழ்த்தினாள். பிள்ளை பெற்றவளுக்கென்று எடுத்துவைத்த சர்க்கரையில் வேலைக்காரர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள். ஆணி எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். இரண்டே நாளில் கூரை மாற்றி, தரைக்குச் சிமெண்டு பூசி, ஈரம் ஏறாமலிருக்கப் பலகையும் அடித்துவிட்டார்கள். கலைமதி அந்தப் பலகையில் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்து, "சொர்க்கம்மா" என்றாள்.

சாயங்காலம் பொன்ராஜ் வந்து தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, சாமானெல்லாம் எப்ப எடுக்கறீங்க? லயத்தக் கம்பெனிக்காரங்க குடோனுக்கு எடுத்துட்டாங்கல்ல. நாளைக்குப் பவுடர் வந்துருமாமா."

"அப்ப நாங்க எங்கங்க போறது?"

"ஓடக்கரை லயம் சும்மாத்தான கெடக்குது."

ஓடைக்கரை லயத்துக்கும் கூரை இருந்தது. அதன் வழியாக வானமும் தெரிந்தது.

ஆனால் கம்பெனியை நன்றி கெட்டதென்று சொல்லக் கூடாது. மருதாயியையே குடோன் காவலுக்குப் போட்டார்கள். சாரல் அடிக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது என்று ராஜசேகர் வாசலில் ஒரு போர்டும் மாட்டினார். பகலெல்லாம் தன் காம்பராவில் பவுடர் மூட்டைகளுக்குத் துணையாகச் சொட்டு நனையாமல் உட்கார்ந்திருப்பாள். ஆறு மணிக்குப் பூட்டிவிட்டு ஒழுகலுக்குப் போவாள். பத்து நாளில் கலைமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஓடைக்கரையில் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு பால் கொடுத்தாள். குழந்தைக்குச் சளி கட்டி, மூச்சு விட்டபோதெல்லாம் நெஞ்சு கரகரத்தது. அதைக் கேட்டுக்கொண்டு எந்தப் பாட்டி சும்மா இருப்பாள்? மறுநாள் காலையிலேயே இருவரையும் குடோனுக்குக் கூட்டி வந்து பலகையில் படுக்க வைத்தாள்.

மத்தியானம் ராஜசேகர் வந்தார். கோபப்படவில்லை, பாவம், மென்மையான மனிதர்.

"குழந்தை ஈரம் பண்ணிடும்மா. உள்ளே மெட்டீரியல் மட்டும்தான் இருக்கணும்."

கலைமதி குழந்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். மருதாயிக்குக் கண் கலங்கியது. ராஜசேகருக்கும் ஒருமாதிரிதான் இருந்திருக்க வேண்டும். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று படியிறங்கும்போது திரும்பினார்.

"உங்க வீடு மாதிரி நெனச்சுப் பத்திரமாப் பாத்துக்குங்கம்மா."

"என் ஊடு மாதிரி பாத்துக்கிட்டா உங்க பவுடர் இன்னைக்கே ஊறிப் போயிருமுங்க சார்."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மருதாயி மகளையும் பேத்தியையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ராஜசேகர் வெளியே நின்று தட்டினார். ஜீப் அரை மைல் தள்ளி டீக்கடை வாசலில் நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான்.

"மருதாயியம்மா, கதவத் தொறங்க! நனையறேன்!"

"சாரல் அடிக்கும்போது தொறக்கக் கூடாதுன்னு போர்டுல எழுதியிருக்கீங்களே சார். மழ நிக்கட்டுங்க."

ஐப்பசி அடைமழை எப்போது நிற்கும் என்று அந்த மலையில் யாரும் சொன்னதில்லை.