இஷ்ரத்தின் தலைவலி

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் ஒரு கைப்பிடி பஞ்சுத்தூசி நுஸைபாவின் மடியில் விழுந்தது. கீழ்த்தளத்தில் மெத்தை தலையணைக் கடை. நாள் முழுக்க அங்கே பஞ்சு அடிப்பார்கள். அது காற்றோடு மாடியேறி வந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் முன்னால் இருந்த இரண்டு ஃபேன்களிலும் பின்னால் இருந்த ஒன்றிலும் அழுக்குக் கம்பளி போலப் படிந்திருந்தது. பெயிண்ட் அடிக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய அம்மா மரியம் பீவி கட்டிலில் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் கீழ அடிம்மா."

"இதெல்லாம் ஒனக்கு எப்புடித்தான் வெளங்குதோ," என்றாள் அம்மா.

அந்தப் பெட்டியை நுஸைபாவே சேர்த்து உருவாக்கியிருந்தாள். பேரையூரில் புருஷனிடம் தானே கேட்டுக் குலா என்ற விவாகரத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்த மறு வருடம், டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் ஒவ்வொரு பாகமாக அலைந்து வாங்கி, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து மாட்டினாள். கிளமெண்ட் என்பவரின் ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து கொடுப்பது அவள் வேலை. யார் யாருடைய நிக்காஹ், யார் யாருடைய தாலி, யார் யாருடைய மோதிரம் என்று எல்லாமே அவள் கைவழியாகத்தான் போகும். மணப்பெண் அழும் இடத்தை எங்கே வெட்ட வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. அண்ணன் பரீத் ஹாலின் நடுவே பிளைவுட் தட்டி அடித்து, ஜன்னல் பக்கத்தை அவளுக்கென்று விட்டிருந்தான். பெட்டி ஓடும் நேரமெல்லாம் இரையும்; வீடியோ முழுவதையும் சேர்த்து ஒரே கோப்பாக ஆக்கும்போது மாவு மில் மாதிரி ஆகிவிடும். தட்டி லேசாக அதிரும். இத்தனை வருடமாக அதை யாரும் ஒரு பொருட்டாகச் சொன்னதில்லை.

போன வாரம் பரீத் தட்டி ஓரமாக வந்து நின்றான். செருப்புக் கடையைப் பூட்டிவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"இஷ்ரத்துக்கு ஒத்தத் தலைவலி. டாக்டரு சத்தமே ஆகாதுன்ட்டாரு. இந்தப் பொட்டி இரையிறது அவளுக்குத் தாங்க முடியல."

"அண்ணி எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"சங்கடப்படுறா. அதான் நான் சொல்றேன். நீயும் ஸ்டுடியோ பக்கமா ஒரு ரூம் பாத்துக்கிட்டா ஒனக்கும் அலைச்சல் இல்லாம இருக்கும்."

அவன் போன பிறகு அவளுக்கு அண்ணன் மேல் கோபம் வரவில்லை. பாவம், பெண்டாட்டிக்கும் தங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான் என்றுதான் தோன்றியது. கோபமெல்லாம் இஷ்ரத் மேல் போயிற்று. ஒரே சமையற்கட்டில் நின்று வெங்காயம் அரிகிறவள், நேருக்கு நேர் சொல்ல வாயில்லாமல் புருஷனைத் தூது விட்டிருக்கிறாள். அன்றிலிருந்து நுஸைபா அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஏதாவது கேட்டால் அடுப்பைப் பார்த்துப் பதில் சொன்னாள். சத்தம்தானே பிரச்சினை, சத்தத்தை எடுத்துக் காட்டுகிறேன் என்று வைராக்கியமாகப் பெட்டியைத் திறந்தாள்.

தூசியைத் துடைத்ததும் பாதி இரைச்சல் குறைந்தது. மீதி எங்கிருந்து வருகிறது என்று தெரிய, ஓடும் ஃபேனின் நடுக்குமிழில் பென்சிலின் ரப்பர் முனையை மெல்ல அழுத்தி ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். பின் ஃபேனை நிறுத்தியபோது கரகரப்பு அடங்கியது. பேரிங் தேய்ந்திருந்தது. மறுநாளே போய்ப் புது ஃபேன் வாங்கி வந்தாள். மூன்றுமே நேராகக் கரண்டில் மாட்டப்பட்டு எந்நேரமும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை மதர்போர்டில் மாற்றிச் செருகி, சூட்டுக்குத் தக்கபடி வேகம் கூடிக் குறைகிற மாதிரி செட்டிங் வைத்தாள். தகட்டோடு ஃபேன் மோதி அதிராமல் இருக்க, சைக்கிள் டியூபை வட்டம் வட்டமாக வெட்டி ஸ்குரூக்களுக்கு அடியில் கொடுத்தாள். அம்மாதான் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். டியூப் துண்டுகளை உள்ளங்கையில் ஏந்தி ஒவ்வொன்றாக நீட்டினாள். எல்லாம் முடிந்து தகட்டை மூடிச் சுவிட்சைப் போட்டபோது, பெட்டி ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகப்பட்டு நுஸைபா விளக்கைக் குனிந்து பார்த்தாள். பச்சை எரிந்தது. பின்பக்கம் கையை வைத்தால் வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. சிறு பிள்ளை மாதிரி அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நெசமாவே ஓடுதா?" என்றாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை. நுஸைபா அதை அப்போது கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை ஸ்டுடியோவுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். புர்காவை மாட்டப் போகும்போது கிளமெண்ட் போன் செய்து, நாளைக்கு வந்தால் போதும் என்றுவிட்டார். அம்மா மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டி இரைந்தால் அவள் இருக்கிறாள், இரையாவிட்டால் வெளியே போயிருக்கிறாள். அந்த வீட்டில் அதுதான் வழக்கமாக இருந்தது.

மதியம் பரீத் சாப்பிட வந்தான். அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் கேட்டது.

"சத்தம்னு சொன்னேன். அதையும் சரி பண்ணிட்டா. இனி எதச் சொல்லி அனுப்புறது?"

"எம் பேரை இழுக்காதீங்க," என்றாள் இஷ்ரத். "எனக்கு எப்பங்க தலை வலிச்சுச்சு? அவ எம் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குறா. இருந்துட்டுப் போகட்டுமே. அவளால நமக்கு என்னா எடஞ்சல்?"

"ஒனக்குத் தெரியாது. நம்ம மகளுக்கு எடம் பேசி வாரவங்க, குலா வாங்கிட்டு வந்தவ வீட்டோட இருக்கான்னா என்னா நெனப்பாங்க? நம்ம பிள்ளையும் நாளைக்கு இப்புடித்தான்னு நெனைக்க மாட்டாங்களா?"

நுஸைபாவின் கை மவுஸின் மேலேயே இருந்தது. திரையில் கோப்பு பாதிக்கு மேல் ஏறியிருந்தது. இப்போது அம்மா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். பெத்த பிள்ளையை எங்கடா அனுப்புறது என்று ஒரு வார்த்தை போதும். சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் விழுந்தது.

"நீ சொன்னா அவளுக்கு மனசு விட்டுப் போகும். மெல்ல நாஞ் சொல்லிக்கிறேன்," என்றாள் அம்மா. "சத்தத்தச் சொல்லுன்னு யோசன குடுத்ததே நாந்தான். அவ இம்புட்டு வேலை பாப்பான்னு கண்டேனா?"

டார்ச் பிடித்திருந்த கையும், டியூப் துண்டுகளை நீட்டிய உள்ளங்கையும் நுஸைபாவின் கண்முன் வந்தன. எழுந்து கதவைத் திறந்திருக்கலாம். அவளுக்கு வெட்கமாக இருந்தது. தப்பு செய்தவர்கள் தட்டிக்கு அந்தப் பக்கம் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, பிடிபடக் கூடாதே என்று இந்தப் பக்கம் அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். நாற்காலி கிரீச்சிடும் என்று அசையவில்லை. பரீத் கை கழுவிவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போகும்வரை அப்படியே இருந்தாள்.

சற்று நேரத்தில் அம்மா தலையணை எடுக்க உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீ போகலையா?"

"இல்லம்மா. வர வேணாம்ன்ட்டாரு."

"எப்பருந்து இங்க இருக்க?"

"இப்பத்தான்."

அம்மா பெட்டியைப் பார்த்தாள். அதன் பச்சை விளக்கைப் பார்த்தாள். பிறகு தலையணையை எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டு, "சாப்புட வா, ஆறிப்போகும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரூம் வண்டியூர்ப் பக்கம் கிடைத்தது. கிளமெண்டின் மனைவி ஜாய்ஸ் தெரிந்தவர்களிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். நுஸைபா வீட்டில் சொன்னபோது பரீத் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "நான் ஒண்ணும் ஒன்னப் போகச் சொல்லல," என்றான்.

"இல்லண்ணே. நானாத்தான் போறேன்."

கிளம்பும் நாளில் பெட்டியை அவள் தொடுவதற்கு முன்பே அவன் தூக்கிவிட்டான். தோளில் சாய்த்து, சுவரில் படாமல், படிப்படியாகக் கால் வைத்து இறக்கினான். அவளுக்காக இத்தனை பதவிசாக அவன் எதையும் செய்து அவள் பார்த்ததில்லை. "அண்ணே, ஸ்பீடு பிரேக்கர்ல மெல்லப் போங்க. உள்ள எல்லாம் நைஸான சாமான்," என்று ஆட்டோக்காரரிடம் இரண்டு தடவை சொன்னான்.

இஷ்ரத் படிக்கட்டின் கடைசிப் படியில் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. நுஸைபா இத்தனை நாளுக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பக்கத்தில் பரீத் நின்றான். வேறு வார்த்தை வந்தது.

"தலைவலி இப்ப எப்புடி இருக்குண்ணி?"

இஷ்ரத் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "பரவால்ல," என்றாள்.

முட்டி வலி என்று அம்மா கீழே இறங்கி வரவில்லை. ஆட்டோ விளக்குத்தூணைத் தாண்டிக் காமராசர் சாலையில் ஏறியது. பெட்டி மடியில் கனத்தது. நுஸைபா அதை இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்து, மேல் மூலையில் தாடையை அழுத்தி வைத்திருந்தாள். தெப்பக்குளத்தின் சுற்றுச்சுவர் தெரிய ஆரம்பித்தபோது கைப்பையில் போன் அடித்தது. அம்மாவுக்கென்று தனியாக வைத்திருந்த ரிங்டோன். எடுப்பதற்கு ஒரு கையை விட வேண்டும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. குளத்தில் அந்த வருடம் நிறையத் தண்ணீர். நடு மண்டபத்தின் நிழல் தண்ணீரில் நீளமாகக் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"போன் அடிக்குதும்மா."

"தெரியுதுண்ணே. போங்க," என்றாள், கையை எடுக்காமல்.