வெள்ளை பூசிய திருடர்கள்

"அப்பா, தேனீக்கும் பேன் வருமா?" என்று தச்சரின் மகள் ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து தலை நிறையப் பேனோடு வந்து, சீப்புக்குத் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"அதுக்கு வாரிவிடச் சடை எங்கம்மா இருக்கு?" என்று அவர் சிரித்துவிட்டார்.

அவள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான், தேனீக்கும் உண்ணி உண்டு என்பது அவருக்குப் பட்டுத் தெரிந்தது. கடுகில் பாதிதான் இருக்கும். அடைக்குள் புழுவோடு பதுங்கி அதை உறிஞ்சும். பிறக்கிற தேனீ சுருங்கிய இறக்கையோடு வெளியே வரும்.

பட்டறைக்குப் பின்னால் அவருக்கு ஐந்து தேனீப் பெட்டிகள். கோடை முடிவில் உண்ணி மருந்து தோய்த்த பட்டைகளை வைத்துச் சுத்தம் செய்திருந்தார். ஒரு மாதம் கழித்துச் சோதித்தார். வலைமூடி போட்ட பாட்டிலில் அரைக் கோப்பைத் தேனீக்களைப் போட்டு, பொடித்த சர்க்கரை தூவி, மெல்ல உருட்டி, வெள்ளைத் தட்டில் உதறினார். தேனீக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரையோடு உண்ணிகள் மட்டும் கொட்டின. இருபத்தொன்று! ஏழெட்டைத் தாண்டினாலே ஆபத்து.

"எல்லாம் நர்ஸம்மா பெட்டியிலிருந்துதான் வருது" என்று மனைவியிடம் பொருமினார். சுவருக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மாவிடம் ஒரே ஒரு பெட்டி இருந்தது.

"போறதுன்னா நாக்கை இங்கேயே வச்சிட்டுப் போங்க" என்றாள் மனைவி.

தச்சர் போய்க் கேட்டதும் நர்ஸம்மா மறைக்கவில்லை. "டியூட்டி மாறி மாறி வந்துச்சு தம்பி. மருந்து வைக்கிற நாளைக் கோட்டை விட்டுட்டேன்."

உண்ணியால் நலிந்த அவருடைய தேனீக் கூட்டத்துக்குக் காவல் காக்கத் தெம்பில்லை. பெட்டி வாசலில் அடிதடி. வேறெங்கிருந்தோ வந்த தேனீக்கள் உள்ளே புகுந்து தேனைச் சூறையாடிக்கொண்டிருந்தன.

"எந்த வீட்டுத் திருடன்னு இப்பவே பார்த்துடுவோம்" என்ற தச்சர், மிச்சமிருந்த சர்க்கரைப் பொடியை எடுத்து வந்து, வெளியே வருகிற தேனீக்கள்மேல் தூவினார். வெள்ளை பூசிக்கொண்ட திருடர்கள் எழும்பினார்கள், சுவரைத் தாண்டினார்கள், நேராக அவருடைய இரண்டாவது பெட்டிக்குள் நுழைந்தார்கள்.

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தச்சருக்கு முகம் சுண்டிப்போனது. பெட்டிகள் கனத்திருப்பதைப் பார்த்துப் போன வாரம்தான் கடவுளுக்கு நன்றி சொல்லியிருந்தார். அது அடுத்த வீட்டுத் தேன். உண்ணியும் தானாக வரவில்லை. இவருடைய தேனீக்களே சுமந்து வந்திருக்கின்றன.

"தேனடையோட ரெண்டு மரச்சட்டம் தரேன்க்கா. இல்லேன்னா இதுங்க குளிரைத் தாண்டாது."

"பூச்சி பண்ணினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? மருந்து வைக்காத தப்பு என்னோடது. தேனைத் தூக்கிட்டு வந்தீங்கன்னா கதவைத் திறக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

அன்றே, திருட்டுத் தேனீக்கள் சுலபமாக நுழையாதபடி நர்ஸம்மாவின் பெட்டி வாசலை மரச்சில்லால் குறுக்கினார்கள். இரண்டு வீட்டுப் பெட்டிகளுக்கும் சேர்த்தே மருந்து வைத்தார்கள். ஆனால் தேன் விஷயத்தில் நர்ஸம்மா மசியவில்லை.

வியாழன் மதியம் அவர் குடையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். தச்சர் முன்பே எடுத்து வைத்திருந்த இரண்டு சட்டங்களோடு பின்வாசல் வழியாக நர்ஸம்மாவின் பெட்டிக்குப் போனார். மெழுகு மூடிய, தேன் நிறைந்த சட்டங்கள். ஒரு தேனீகூட ஒட்டாமல் தூரிகையால் நீக்கியிருந்தார். காலிச் சட்டங்களை உருவிவிட்டு அவற்றைச் செருகினார். உள்ளே ஒரு கணம் இரைச்சல் எழுந்தது, பிறகு அடங்கியது. கொடுத்தது யார் என்று கேட்காமல் தேனீக்கள் மெழுகைத் திறக்கத் தொடங்கின.

அவர் மூடியை வைத்து, அதன்மேல் இருந்த கல்லைப் பழைய தடத்திலேயே பொருத்தினார். பிறகு ஓசைப்படாமல் பின்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.