இடப்பக்கம், கீழே

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு லியோ பெட்ராஸ்கி தன் மனைவியின் புதுப் பிஸ்டலை மூன்றாம் மேசையில் ஒரு பழைய குளியல் துண்டின் மேல் வைத்தான். மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, குறிப்பேட்டில் தேதியையும் காற்றின் திசையையும் எழுதினான். பிறகு பிஸ்டலைப் பார்த்தான். வீட்டுக்கு வந்திருக்கும் மருமகனைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

அன்று சுடுதளப் பொறுப்பு என்னுடையது. விசில், சிவப்புக் கொடி, ஒரு மடக்கு நாற்காலி, இவைதான் என் அதிகாரம். குரூக்கட் ரன் வேட்டைக்காரர் சங்கத்தில் அக்டோபர் மாதச் சனிக்கிழமைகள் கூட்டமாக இருக்கும். மான் வேட்டைக்கு முன் எல்லோரும் துப்பாக்கியைச் சரிபார்க்க வருவார்கள். அன்று என்னவோ காலையில் மூன்றே பேர். லியோ, நான், பக்கத்து மேசையில் குழாய் வேலைக்காரன் பட் மெக்கார்டில்.

"லியோ, அது தண்ணி பீய்ச்சுமா, இல்ல கொமுழி மட்டும் விடுமா?" என்றான் பட்.

"உன் வேலைக்கு ஆகும்னா சொல்றேன், கேட்டுக்க" என்றான் லியோ, நிமிராமல்.

பாலிமர் என்ற பிளாஸ்டிக்கில் செய்த உடல் என்பதுதான் கேலிக்குக் காரணம். லியோவின் சொந்தப் பிஸ்டல் முழு இரும்பு. அவன் அப்பா கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது, கையில் எடுத்தால் சுத்தியல் கனம் கனக்கும். அவன் எங்கள் மாவட்ட வாரப் பத்திரிகையில் பதினேழு ஆண்டுகளாகத் துப்பாக்கி மதிப்புரை எழுதுகிறான். எந்தக் கம்பெனியிடமும் ஒரு தொப்பி கூட இலவசமாக வாங்கியதில்லை. அவன் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அடுத்த வாரமே கடையில் அது தீர்ந்துவிடும். அவன் வீட்டிலும் அதே சட்டம்தான். எந்தத் துப்பாக்கி வாசல் தாண்டி வந்தாலும் முதல் இருநூறு தோட்டா அவன் சுட வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர் கை.

நோரீன் இந்தப் பிஸ்டலை அவனிடம் கேட்காமலே வாங்கினாள். நகரத்துக் கடையில் இதே ரகத்தை வாடகைக்கு எடுத்து ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். சங்கத்துப் பெண்கள் அணியில் ஓர் இடம் காலி. இந்தச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு. பதினைந்து கஜத்தில் ஆறு இரும்புத் தட்டுகள், பத்து விநாடி, குறைந்தது ஐந்து விழ வேண்டும். வசந்தத்தில் லியோவின் இரும்புப் பிஸ்டலை வைத்துக்கொண்டு அவள் முயன்றாள். முப்பத்தோரு ஆண்டு பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங்கைத் திருப்பிய மணிக்கட்டுகள் நாலாவது தட்டுக்குள் தளர்ந்துவிட்டன. மூன்றுதான் விழுந்தன. அன்று அவள் வண்டியில் ஏறி, கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள். இதை விட்டால் அடுத்த தேர்வு ஏப்ரலில்.

லியோ நியாயமானவன். பிடிக்காததைக்கூட ஒழுங்காகச் சோதிப்பான். தொழிற்சாலைக் கிரீஸைத் துடைத்தான், ஆனால் எண்ணெய் புதிதாகப் போடவில்லை. வாங்கிய நிலையிலேயே சுட வேண்டும் என்பது அவன் முறை. பிடியின் பின்பட்டையில் மூன்று அளவுகள் வந்திருந்தன. நோரீன் சின்னதைப் பொருத்தியிருந்தாள். அவன் தன் கைக்காக நடுத்தரத்தை மாட்டினான். முதல் ஐம்பது தோட்டாவில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. எழுதிக்கொண்டான். விசை முதலில் கொஞ்சம் கொழகொழவென்று வருகிறது, பிறகு 'டக்'கென்று சுத்தமாக விடுபடுகிறது. எழுதிக்கொண்டான். மேகசினில் கடைசி இரண்டு தோட்டாவைப் போடக் கட்டைவிரல் வலிக்கிறது. வெற்றுத் தோட்டாக் குப்பிகள் ஒழுங்காக வலப்பக்கம் ஓரிடத்தில் விழுகின்றன, ஒன்று மட்டும் பட்டின் காபிக் கோப்பையில் விழுந்தது. அதையும் எழுதிக்கொண்டான்.

பிறகு இலக்கு அட்டையில் பத்துத் தோட்டா சுட்டான். நான் விசில் ஊதிக் கொடியை ஏற்றினேன். மூவரும் நடந்து போனோம்.

பத்துத் துளையும் மையத்துக்கு இடப்பக்கம், கீழே. நாலு விரல் தள்ளி, ஒரு தேநீர்த் தட்டின் அளவுக்குள்.

இங்கே ஒரு விஷயம். வலக்கையால் சுடுபவனின் துளைகள் இடப்பக்கம் கீழே போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான் பெரும்பாலும். வெடிக்கப் போகிறது என்று கை முந்திக்கொள்கிறது, விசையை அழுத்தும் கணத்தில் குழல்முனையைக் கீழே தள்ளுகிறது. இது எங்களூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். சொல்லிக்கொடுப்பவனே லியோதான். ஒவ்வொரு செப்டம்பரும் பாதுகாப்பு வகுப்பில் கரும்பலகையில் அட்டை வரைந்து, இடப்பக்கம் கீழே சுண்ணாம்புக்கட்டியால் குத்தி, "இது துப்பாக்கியோட தப்பு இல்ல, தம்பி" என்பான்.

ஆனால் எங்கள் சங்கத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. கேட்காமல் இன்னொருவன் அட்டையை யாரும் படித்துத் தவறு சொல்லக் கூடாது. பார்க்கலாம், நடக்கலாம், வானிலை பேசலாம். அவனாகக் கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்றால் வாயைத் திறக்கக் கூடாது. இந்தப் பழக்கம் இல்லாமல் போயிருந்தால் எங்களில் பாதிப் பேர் மற்ற பாதியோடு பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

பட் அட்டையைப் பார்த்தான். பிறகு மரங்களைப் பார்த்தான். "இந்த வருஷம் இலை நல்லா செவந்துருக்கு" என்றான்.

"ஆமா" என்றேன் நான்.

லியோ துளைகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டினான். மறுபடி பத்து. இடப்பக்கம், கீழே. முழங்கையை மணல்மூட்டை மேல் வைத்துக்கொண்டு மறுபடி பத்து. இடப்பக்கம், கீழே, இன்னும் கொஞ்சம் அதிகமாகவே. அவனுடைய இரும்புப் பிஸ்டலில் இது தெரிந்ததில்லை. அந்தக் கனம் கையின் குதிப்பை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த லேசான சாமான் எதையும் விழுங்கவில்லை. எனக்கு அது புரிந்தது, பட்டுக்கும் புரிந்தது. இலைகளைப் பற்றிப் பேச எங்களிடம் வேறொன்றும் மிச்சமில்லை.

இன்னும் சில பெட்டி தோட்டா தீர்ந்த பிறகு, பதினொன்றரைக்கு லியோ குறிப்பேட்டை எடுத்து, எழுதியதை எங்களுக்குப் படித்துக் காட்டினான். "இயக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழல்மேல் இலக்குப் பார்க்கும் குறிகள் தொழிற்சாலையிலிருந்தே கோணலாக வந்திருக்கின்றன." நிமிர்ந்தான். "இந்த நெலமையில நோரீன் கையில குடுக்க முடியாதுப்பா. பின்குறிய வலப்பக்கம் தட்டணும். முன்குறிய ஒரு மயிரிழை ராவணும். பண்ணிட்டேன்னா ரெண்டு மணிக்குச் சரியா இருக்கும்."

தட்டியதைத் திருப்பித் தட்டலாம். ராவியதை ஒட்ட முடியாது. அவன் கைத்தவறுக்கு ஏற்றாற்போல் பிஸ்டலைத் திருத்தி அவளிடம் கொடுத்தால், நேராகச் சுடும் அவள் கை ஆறு தட்டுக்கும் மேலே, வலப்பக்கம் சுடும். நல்லெண்ணத்தோடு செய்கிறான் என்பதுதான் மோசம். கொட்டகையில் சாமானைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்குத் துண்டு சுற்றிவிட்டு, பித்தளைக் கம்பியும் அரமும் எடுக்க வண்டிக்குப் போனான்.

"நீ சொல்லேன்" என்றான் பட்.

"நான் பொறுப்பாளர். நான் சொன்னா அது உத்தரவாயிடும். நீ சொல்லு."

"நான் சொன்னா, அவன் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் ஆறு மாசம் என்னைக் கூப்பிட மாட்டான்."

"ஊருக்கே குழாய்க்காரன் நீதானடா."

"அதான். அவ்வளவு தூரம் யோசிச்சுப் பழிவாங்குவான்."

அப்போதுதான் நோரீனின் வண்டி சரளைக்கல்லில் வந்து நின்றது. இடுப்பில் ஒரு மூடிய பாத்திரம். வெங்காயமும் வெண்ணெயும் போட்டு வதக்கிய பியரோகிக் கொழுக்கட்டை வாசனை முன்னால் வந்தது, அவள் பின்னால் வந்தாள். பாத்திரத்தை மேசையில் வைத்தாள். லியோவின் அட்டை கொட்டகைக் கம்பத்தில் மாட்டியிருந்தது. அதைப் பார்த்தாள். வைஸைப் பார்த்தாள், அதன் மேல் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தாள். நாங்கள் மரங்களைப் பார்த்தோம்.

அவளையும் அந்தப் பழக்கம் கட்டிப்போடும். புருஷன் பெண்டாட்டிக்கு விலக்கு கிடையாது. அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

லியோ அரத்தோடு வந்தான். "குறி கோணல், நோரீன். கவலைப்படாத, அரை மணி நேர வேல."

"இருநூறு முடிஞ்சிருச்சா?"

"இன்னும் பத்து பாக்கி."

"முடிச்சிட்டு அரத்த எடு. பாதியில நிறுத்துனா பத்திரிகையில என்னன்னு எழுதுவ, நூத்தித்தொண்ணூறுன்னா?"

அது அவன் மறுக்க முடியாத வாதம். அரத்தைக் கீழே வைத்தான்.

"குடு, மேகசின நான் நெரப்பித் தரேன்" என்றாள். "ஒன் கட்டவெரல் வீங்கிக் கெடக்கு."

அவன் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு புது அட்டை சரிசெய்யப் போனான். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒவ்வொன்றாக நிரப்பினாள். அவள் கோட்டுப் பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஏதோ வெளியே வந்ததைப் பார்த்தேன். போலித் தோட்டா. மருந்து கிடையாது, வெடிக்காது, பயிற்சிக்கு வைத்திருப்பது. அதன் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். லியோவின் வகுப்பில்தான் கற்றுக்கொண்டேன். பொறுப்பாளர் என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு என் மடக்கு நாற்காலியின் திருகாணியைச் சரிபார்க்கலானேன்.

லியோ நின்றான், மூச்சை விட்டான், சுட்டான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது முறை விசையை அழுத்தியபோது வெடிக்கவில்லை. 'டிக்' என்று மட்டும் கேட்டது. அந்த 'டிக்'கோடு, மறைக்க வெடியின் உதைப்பு இல்லாததால், பிஸ்டலின் மூக்கு ஒரு சாண் கீழே பாய்ந்தது, தரையில் எதையோ கொத்தப் போகும் சேவல் மாதிரி.

வெடிக்காத தோட்டா என்றால் விதி இருக்கிறது. தாமதமாக வெடிக்கலாம். குழல்முனையை இலக்குக்குப் பின்னாலுள்ள மண்மேட்டை நோக்கியே பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ண வேண்டும். விதி என்றால் லியோவுக்கு விதிதான். கையை நேராக்கி, அசையாமல், உரக்க எண்ணத் தொடங்கினான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

நாங்களும் நின்றோம். யாரும் இலையைப் பற்றிப் பேசவில்லை. தூரத்தில் யாரோ மரம் அறுக்கும் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதுவரை அவன் குரல் பாதுகாப்பு வகுப்புக் குரலாகவே இருந்தது. பதினொன்றில் கொஞ்சம் மெதுவானது. பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. அவன் கண்கள் பிஸ்டலின் மூக்கைப் பார்த்தன, மூக்கு பாய்ந்த இடத்தைப் பார்த்தன. கழுத்து மெதுவாகச் சிவந்தது. பத்தொன்பதில் தோள்கள் குலுங்கத் தொடங்கின. இருபத்திரண்டை அவனால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் எண்ணினான், குழல்முனை மண்மேட்டை விட்டு விலகாமல், கண்ணில் நீர் வழிய, முப்பதுவரை எண்ணினான். எண்ணி முடித்து, பிஸ்டலின் மேற்பாகமான ஸ்லைடை இழுத்தான். ஆரஞ்சுத் தோட்டா துள்ளிப் பலகைத் தரையில் உருண்டது. மேகசினைக் கழற்றி, தோட்டா அறை காலி என்று பார்த்து, பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தான். அப்படி அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பதினேழு வருஷம்" என்றான், மூச்சு வந்ததும். "பதினேழு வருஷமா கரும்பலகையில வரஞ்சு காட்டியிருக்கேன்."

"நல்லாத்தான் வரைவ" என்றாள் நோரீன்.

"நீங்க ரெண்டு பேரும் எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"மொத அட்டையில" என்றான் பட்.

"இலை நல்லா செவந்துருக்காம்ல. நாய்ங்களா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு கம்பத்திலிருந்த அட்டையை எடுத்து மனைவியிடம் நீட்டினான். "சரி. படி."

அவள் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். அவசரப்படாமல், எதையும் விடாமல். சுண்டுவிரல் இறுக்கம், விசைமேல் அவசரம், ஆறு மாதமாக அவன் வலது தோள் முன்னால் வருவது, கனமான பிஸ்டல் அதையெல்லாம் மறைத்தது. அவன் தலையசைத்துக்கொண்டே இருந்தான். முடிந்ததும் பிடியிலிருந்து நடுத்தரப் பட்டையைக் கழற்றி, சின்னதைப் பொருத்தி, பிஸ்டலின் கைப்பிடியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான். ஆறு தோட்டா மிச்சம் இருந்தது. இருநூறு முடியவில்லை. அந்த ஆறையும் அவள் சுட்டாள். ஆறும் மையத்தில், ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின.

இரண்டு மணிக்குள் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பட் அந்த 'டிக்' கதையை மூன்று தடவை சொல்லிவிட்டான். மூன்றாவது தடவையில் பிஸ்டலின் மூக்கு இரண்டு சாண் பாய்ந்தது. நான் நேரக் கருவியைப் பிடித்தேன். நோரீன் ஐந்து தட்டை வீழ்த்தினாள், ஒன்பது புள்ளி மூன்று விநாடி. ஆறாவதின் விளிம்பில் பட்டு ஈயம் சிதறியது, அது விழவில்லை. "விளிம்புல பட்டா அரை மார்க் கெடையாதா?" என்று கேட்டாள், கேட்கும்போதே சிரித்துவிட்டாள். அணித்தலைவி அவள் பெயரைப் பலகையில் எழுதும்போது லியோ விரல் இரண்டை வாயில் வைத்து ஊதிய விசிலில் என் விசில் தோற்றது.

பியரோகி தீர்ந்து கூட்டம் கலைந்த பிறகு, நோரீன் வண்டியின் பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து லியோவின் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். இந்த மாத மதிப்புரை அவளுடையது என்று அவன் சொல்லிவிட்டான். "குறிகள் கோணல்" என்ற வரியின் மேல் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள், படிக்க முடிகிற மாதிரி.

"கொழகொழன்னு எழுதியிருக்கியே, அந்த விசை அப்படி ஒண்ணும் கொழகொழன்னு இல்ல" என்றாள்.

"கொழகொழன்னுதான் இருக்கு."

"ஒன் வெரல் அப்படி."

அவன் சுடுகோட்டில் காலைப் பரப்பி நின்று, காலிப் பிஸ்டலை மண்மேட்டை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தான். பட் தன் பையிலிருந்து ஒரு பத்து சென்ட் நாணயத்தை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முன்குறியின் மேல் தட்டையாக வைத்தான். விசையை அழுத்தும்போது கை குதித்து அது விழக் கூடாது. முதல் தடவை விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது. எட்டாவது தடவை பட் குனிய முடியாமல் முழங்காலில் உட்கார்ந்தே எடுத்துக் கொடுத்தான்.

ஒன்பதாவது தடவை வைத்தான். சாயும் வெயில் அந்தச் சின்ன வெள்ளி வட்டத்தில் பட்டு மின்னியது. லியோ மூச்சை விட்டான். நோரீன் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள். அவன் விரல் மெதுவாக, மிக மெதுவாக, பின்னால் வந்துகொண்டிருந்தது.