குளம்படியில் ஒருவன்

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரிஸில் நான் குடியிருக்கும் தெருவில் பழைய படக்கடை ஒன்று உண்டு. அங்கே செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஒரு படம் வாங்கினேன். குதிரைமேல் ராஜா, பின்னால் போர்க்களம். குதிரையின் முன்னங்குளம்புக்குக் கீழே மட்டும் மங்கலாக ஒரு கறை. உற்றுப் பார்த்தால் யாரோ விழுந்து கிடக்கிற மாதிரி இருந்தது.

2
முந்நூறு வருடங்களுக்கு முன், இதே தெருவில், பனி மெல்ல விலகிய ஒரு காலையில்...

(வேண்டாம். பனியில் தொடங்கினால் கோபம் ஆறிவிடும்.)

பெரின் செப்புத்தகட்டில் படம் செதுக்குகிறவள். அவளுடைய ஒரே மகன் ரெமி அந்தப் போரில் செத்தான். ராஜா களத்தின் பக்கமே போகவில்லை; எங்கோ மான் வேட்டையில் இருந்தார். ஆனாலும் படைக்கு முன்னால் அவரைச் செதுக்கச் சொல்லி அரண்மனை உத்தரவு. ஊருக்கு ஊர் அந்தப் படத்தை மாட்டுவார்கள். ஜனங்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். பிறகு அடுத்த போருக்கு வரி கேட்டாலும் பிள்ளையைக் கேட்டாலும் யார் மறுப்பார்கள்?

வயிற்றுப்பாடு; செதுக்கினாள். குதிரையின் குளம்படியில் அரிசியளவுக்குத் தன் மகனையும் கிடத்தினாள்.

3
முதல் பிரதியைப் பார்த்த பக்கத்துக் கடைக் காய்கறிக்காரி ஜிலெத், பெரினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராஜாவே முன்னால நின்னுருக்காரு பாரு. உன் புள்ள குடுத்து வச்சவன்டி."

பெரின் கையை விடுவித்துக்கொண்டு பிரதியைச் சுருட்டினாள். அந்தப் பொய்யைச் செதுக்கியவளே அவள்தானே. (இந்த இடத்தில் எனக்கு அவள்மேலும் கோபம்தான்.)

அரண்மனை அதிகாரி துர்வால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ராஜா ஜெயித்த களத்தில் நம் ஆள் ஒருவன்கூடச் சாகக் கூடாதாம்.

"அது என் மகன்யா."

"இருக்கட்டும்மா. படத்துல அவனுக்கு என்ன வேல? எடுத்துடு."

4
முடிவு ஒன்று: அவள் உளியை வீசிவிட்டு... (பொய். அடுத்த பட்டறையில் எடுத்துவிடுவார்கள்.)

முடிவு இரண்டு: அழுதுகொண்டே எடுத்தாள். (துர்வாலுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

5
சுரண்டினால் செம்பில் பள்ளம் விழும்; அதில் மை தேங்கி அச்சில் கறையாகும். தகட்டைக் கவிழ்த்து, பின்பக்கமிருந்து தட்டி, அந்த இடத்தை மேலே எழுப்ப வேண்டும். பெரின் சுரண்டிவிட்டாள். கவிழ்த்துவிட்டாள். சுத்தியலை ஓங்கியிருக்கிறாள். மகன் கிடந்த இடத்துக்கு நாலு விரல் மேலே ராஜாவின் முகம்.

என்னிடமுள்ள படத்தில் அந்த முகத்துக்குப் பழுதில்லை. அதை வைத்து அவள் அந்த முகத்தில் அடிக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். ராஜாக்களின் முகத்தைச் சரிசெய்ய எப்போதும் ஆள் கிடைப்பார்கள். ரெமிக்குத்தான் யாரும் இல்லை.

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். சுத்தியல் இனி உங்கள் கையில். அடிக்காமல் கீழே வைப்பதானால், ஏன் என்று பெரினிடம் சொல்லிவிட்டு வையுங்கள்.